பாலையன் கொடுத்த மஞ்சள் கட்டிகள்

பாறசாலைச் சந்தைக்கு எதிரே சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பாலையன் யுத்தத்துக்குப் போனவன். போனான் என்பது உண்மை. யுத்தம் எந்தத் திசையில் நடந்தது என்றே அவனுக்குத் தெரியாது என்பதும் உண்மை. இரண்டாவதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த சமயம் நெய்யாற்றின்கரையில் ஆள் எடுத்தார்கள். பட்டாளத்துக்குப் பாலையனின் மார்பு போதவில்லை. வடக்கே பீரங்கிக் குண்டு நிரப்பும் தொழிற்சாலைக்கு அந்த மார்பே தாராளம் என்றார்கள். மரச்சீனிக் கிழங்கு பிடுங்குவதைத் தவிர வேறு வேலை தெரியாதவன், சபைப் போதகர் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்ப, திருவனந்தபுரத்தில் ரயிலேறினான்.

அங்கே அவன் கண்டது டி.என்.டி. என்ற வெடிமருந்து. வெளிறிய மஞ்சள் நிறத்தில், சீவிப் போட்ட மெழுகுபோல மரப்பெட்டிகளில் வரும். நீராவிச் சூட்டிலேயே உருகிவிடும். தண்ணீர் கொதிக்கிற சூடுகூட வேண்டாம். உருகியதைப் பாகுபோல மொண்டு குண்டின் வயிற்றில் ஊற்ற வேண்டும். ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழும்; அதை மறுபடி நிரப்ப வேண்டும். இவ்வளவுதான் பாலையன் செய்த யுத்தம். ஆணி அடித்த செருப்பு கூடாது, பீடி கூடாது, தீப்பெட்டி கூடாது. வாசலில் காவல்காரன் கோவணம்வரை அவிழ்த்துப் பார்த்து உள்ளே விடுவான், அவிழ்த்துப் பார்த்தே வெளியே விடுவான்.

சில மாதங்களில் பாலையனின் உள்ளங்கை மஞ்சளாயிற்று. பிறகு முடி. வியர்வை பட்ட தலையணை மஞ்சள். வாயில் எந்நேரமும் கசப்பு. ஒருநாள் மூத்திரம் சிவப்பாகப் போனதைக் கண்டு அலறினான். கம்பெனி டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, ஈரல் கெட்டிருக்கிறது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்.

பாறசாலையில் வந்து இறங்கியபோது ஆளே பழுத்த மாம்பழம்போல இருந்தான். எங்கே சண்டை போட்டாய் என்று யாரோ கேட்டார்கள். ஒரு சின்னப் பொய்தான் சொன்னான். கேட்டவர் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்ததும் இன்னொன்று சொன்னான். அந்தப் பொய்களின் பேரில்தான் காரக்கோணத்துப் பெண் சுகிர்தபாய் அவனுக்குக் கிடைத்தாள். கல்யாணத்தன்று மாமியார் அவன் கையைப் பார்த்து, "வேதக்காரப் பயலுக்கு எதுக்கு இந்த மஞ்ச பூச்சு?" என்று கேட்டாள். "ஜப்பான்காரனுக்க குண்டுப் புகையாக்கும் அத்தை" என்றான் மாப்பிள்ளை.

சைக்கிள் கடை போட்ட பிறகு, பஞ்சர் ஒட்டும் நேரமெல்லாம் பிரசங்கம்தான். "இது முதல்ல துணிக்குப் போடுத சாயமாக்கும், கேட்டியா? ஜெர்மன்காரன் ஒருத்தன் உண்டாக்கினான். கனகாலம் ஒருத்தனுக்கும் இது வெடிக்கும்னு தெரியாது. பொறவு முதல் யுத்தத்தில கப்பலும் கப்பலும் மோதிச்சு. இங்கிலீஷ்காரனுக்க குண்டு வேற மருந்து. இரும்புல முட்டின உடனே வாசல்லயே வெடிச்சுப்போடும். ஜெர்மன்காரனுக்க குண்டு இந்த மருந்து. கப்பலுக்கு உள்ள போயி, சம்மணம் போட்டு இருந்து, பொறவாக்கும் வெடிக்கும்." தொழிற்சாலை மேஸ்திரி சொன்னதை அவன் இப்படிச் சொல்வான். அதோடு நிறுத்தியிருந்தால் ஆபத்தில்லை. கேட்கிற கூட்டம் பெரிதாக இருந்த ஒருநாள், "ரெண்டு கட்டி கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில வச்சிட்டுண்டு" என்றும் சொல்லிவைத்தான்.

ஐம்பத்திநாலில், தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி வந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சத்தியராஜ் கடைக்கு வந்தான். தையல்காரன், வார்டு போராட்டக் குழுவில் முக்கிய ஆள். கூடவே ராஜையா. அவன் சத்தியராஜ் பேசும்போது தலையாட்டுகிறவன்.

"அண்ணே, அந்த ரெண்டு கட்டியையும் தரணும்" என்றான் சத்தியராஜ்.

"எந்தக் கட்டி?"

"டிரங்குப் பெட்டியில இருக்குத கட்டி. அமரவிளையில இருந்து வாற ரோட்டுல சின்னப் பாலம் உண்டுல்லா, அதைத் தூக்கிப்போட்டா போலீஸ் வண்டி இஞ்ச எப்படி வரும்?"

அந்தத் தொழிற்சாலையிலிருந்து நகக்கண்ணில் ஒட்டியதைத் தவிர ஒரு பொட்டு மருந்தும் வெளியே வந்ததில்லை. அதைச் சொன்னால் ஜப்பான்காரன் முதல் கல்யாணம்வரை எல்லாம் சரிந்துவிடும். தாலியே பொய்யாகிவிடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

"நாளைக்கு வாங்க மக்கா" என்றான்.

வீட்டுக்குப் போய் யோசித்தான். அடுக்களை மூலையில் சுகிர்தபாய் துணி துவைக்க வாங்கி வைத்திருந்த நீளமான மஞ்சள் பார் சோப்பு கண்ணில் பட்டது. மங்கிய மஞ்சள், மெழுகு வழுவழுப்பு. அசல் அச்சு. இரண்டு கட்டிகளை எடுத்து, முத்திரை எழுத்தைக் கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி வாசனையைக் கொன்று, மெழுகுத்தாளில் சுற்றினான்.

மறுநாள் சத்தியராஜ் சுலபமாக நம்பவில்லை. "இது வெடிக்குமா?" என்றான்.

பாலையன் ஒரு கட்டியைக் கல்லில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான். ராஜையா சைக்கிள் வரிசைக்குப் பின்னால் பாய்ந்ததில் நாலு சைக்கிள் சரிந்தது. சுத்தியல் விழுந்தது. கட்டி கொஞ்சம் நசுங்கியது.

"வெடிக்கல்லியே" என்றான் சத்தியராஜ்.

"அதாக்கும் அசல்! அடிச்சா வெடிக்காது, உருக்கினா வெடிக்காது. தட்டினதுக்கெல்லாம் வெடிச்சா பட்டாளத்துக்காரன் வண்டியில ஏத்திக் கொண்டுபோவானா? இதைக் கிளப்பிவிட தனியாட்டு ஒரு கேப்பு வைக்கணும் மக்கா. அது இல்லாம இது வெறும் செங்கல்லு."

சொன்னதெல்லாம் டி.என்.டி.யைப் பற்றிய முழு உண்மை. அவன் வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை. கேப்பு கல்குவாரிகளில்தான் உண்டு. கலவரத்துக்குப் பயந்து குவாரியெல்லாம் பூட்டிக் கிடந்தன. கேப்பு கிடைக்கவே கிடைக்காது, கதை இத்தோடு முடிந்தது என்று பாலையன் நிம்மதியாக மதியச் சோற்றுக்குப் போனான்.

சத்தியராஜ் விடாக்கண்டன். கேப்பு கிடைக்கிறவரைக்கும் தயாராக இருக்கட்டும் என்று கட்டிகளைச் சாக்கில் பொதிந்து பாலத்தின் அடியில் செருகிவைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. டி.என்.டி. தண்ணீரில் கரையாது. சோப்பு கரையும். காலையில் பாலத்துக்கு அடியில் ஓடிய தோட்டில், அந்தச் சின்ன ஓடையில், வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டு வந்தது. வயலுக்குப் போனவர்கள் கூடிவிட்டார்கள். குனிந்து பார்த்த போலீஸ் ஏட்டு சாக்கைக் கண்டான், உள்ளே மஞ்சள் கட்டியைக் கண்டான், "பாம்ப்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். நெய்யாற்றின்கரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, போக்குவரத்தை நிறுத்தி, தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் போகும்படி மற்றவர்களுக்கு உத்தரவு போட்டார். யாரும் போகவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. வெடிமருந்து என்றால் பாலையனைக் கூப்பிடு என்று யாரோ சொல்ல, கடையிலிருந்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"எந்தாடா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெடிமருந்து என்றால் ஜெயில். சோப்பு என்றால் மானம். எது பெரிது என்று பாலையன் இன்னும் தீர்மானிக்கவில்லை.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுகிர்தபாய் வந்தாள். காலை முதல் சோப்பைத் தேடிப் பார்த்து, அக்கம்பக்கத்தாரையெல்லாம் மனசுக்குள் திருடிகளாக்கி முடித்திருந்தாள். தோட்டில் நுரை வருகிறது என்று கேட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏட்டு தடுக்கத் தடுக்க இறங்கிப்போய், சாக்கை உதறி, கட்டியைக் கையில் தூக்கினாள். இன்ஸ்பெக்டர் கீழே படுத்துவிட்டார்.

"எனக்க சோப்பு!" என்றாள் சுகிர்தபாய். "பாதி கரைஞ்சு போச்சே, நாசமாப் போவான்!" என்று முந்தானை நுனியை நனைத்துத் தேய்த்தும் காட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள்கூட இறங்கிவந்து சிரித்தார்கள்.

சோப்பு வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனால் சேற்றில் படுத்து எழுந்த இன்ஸ்பெக்டருக்கு யாரையாவது பிடித்தாக வேண்டும். கலகம் செய்யத் தூண்டியதாகச் சொல்லிப் பாலையனையும், போராட்டக் குழுவில் பெயர் அடிபட்ட சத்தியராஜையும் ஒரே லாக்கப்பில் போட்டார்கள். இருவருக்கும் சமமாக அடி விழுந்தது.

"எங்களைக் கேணயனாக்கிட்டீரே அண்ணே" என்றான் சத்தியராஜ், வீங்கிய உதட்டோடு. "சோப்பு குடுத்ததை விடும். அசல் ஒண்ணு இருந்தா தந்திருப்பீரா?"

பாலையன் சுவரில் சாய்ந்திருந்தான். பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"தரமாட்டேன்லே. நான் ஒரு ஜப்பான்காரனையும் கண்டதில்ல. எனக்குப் பக்கத்துப் பாயில ஒரு பீகார்க்காரப் பையன் கிடந்தான். குண்டு வெடிச்சுச் சாகல்ல அவன். மஞ்சளாயி, வாந்தி எடுத்து, பிச்சும் பேயுமா உளறிச் செத்தான். எதிரி அந்த மருந்தைப் பாக்குததுக்கு முன்ன நாங்க பார்த்தாச்சு. பாலத்தை நீ வெடிக்க வச்சிருந்தா அந்நேரம் மேல பஸ் வராதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

சத்தியராஜ், "அந்தப் பையனுக்கு எத்தர வயசு?" என்று கேட்டான்.

"உனக்க வயசுதான் இருக்கும்."

வெளியே வந்தபோது இருவருக்கும் மாலை போட்டார்கள். அடி வாங்கியவன் தியாகி; எதற்காக வாங்கினான் என்று மாலை போடுகிறவர்கள் கேட்பதில்லை. சுகிர்தபாய் மட்டும் கரைந்த சோப்புக்குப் பதில் புதுக்கட்டி வாங்கி வந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்றாள். தான் ஒரு ஜப்பான்காரனையும் பார்த்ததில்லை என்பதையும் பாலையன் அன்றைக்கே சொல்லித் தீர்த்தான். "அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். "சண்டைக்குப் போனவன் இப்படியா பூச்சிக்குப் பயப்படுவான்?"

ஐம்பத்தியாறு நவம்பரில் எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு சென்னை ராஜ்யத்தோடு போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையும் அதோடு நின்றது. சத்தியராஜ் மனம் ஆறாமல் தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு களியக்காவிளைக்குக் குடிபோனான். பாலையன் போகவில்லை. சைக்கிளையெல்லாம் யார் சுமப்பது என்றான். கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே மலையாளத்திலும் எழுதச் சொன்னான். எழுதியவனுக்கும் மலையாளம் அரைகுறை என்பதால் அது என்ன வாசகம் என்று இன்றுவரை தர்க்கம் உண்டு.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சத்தியராஜ் எல்லை தாண்டி நடந்து வருவான். இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து, எந்த ராஜ்யத்தில் அரிசி மலிவு என்று பொழுது சாயும்வரை சண்டை போடுவார்கள்.