சந்திரமதி, சாண்ட்ரா அல்ல

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள், மலேசியாவில் லாபிஸ் என்ற சிற்றூரில் இருந்த அம்மாவின் வீட்டை வாடகைக்கு விடப்போவதாக மதிவாணன் தன் தங்கை சந்திரமதியிடம் சொன்னார். ஜொகூர் பாருவில் அவருடைய வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருந்தார்கள். அவரும் மனைவி வாசுகியும் தினமும் விடியுமுன் கிளம்பி, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர்.

“தனியா இங்க கிடந்து என்ன செய்யப் போற? அங்க வந்தா உனக்கும் துணை, பிள்ளைங்களுக்கும் ஒரு ஆள் ஆச்சு.”

சந்திரமதிக்கு வயது நாற்பத்து மூன்று. திருமணம் செய்துகொள்ளவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில் ஆங்கில டியூஷன் நடத்தி வந்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது அதையும் குறைத்துக்கொண்டு, குளிப்பாட்டுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை ஒற்றை ஆளாகப் பார்த்தாள். அண்ணன் சொன்ன ‘ஆள்’ என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“ஆள் வேணும்னா ஆள் வைங்கண்ணே. நான் வியட்நாமுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போறேன்.”

உண்மையில் அப்போது அவளுக்கு எந்த வேலையும் கிடைத்திருக்கவில்லை. ஒரு விளம்பரத்தைப் பார்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

“அலமாக், வியட்நாமா?” என்று அதிர்ந்தார் வாசுகி. “இந்த வயசுல யாரு சந்திரா தனியா வெளிநாட்டுக்குப் போவா?”

“நீங்க தினமும் வெளிநாட்டுக்குத்தான் போயிட்டு வர்றீங்க அண்ணி.”

வாயால் சொல்லியாகிவிட்டது, இனி போய்த்தான் ஆக வேண்டும். அந்த வாரமே விண்ணப்பித்தாள். தொலைபேசியில் பேட்டி எடுத்தார்கள். ஹோ சி மின் நகரை அடுத்த பியென் ஹோவாவில் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது.

விமான நிலையத்தில் அவளை அழைத்துப் போக வந்த ஓட்டுநர் அவள் பெயர் எழுதிய அட்டையோடு நின்றிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள். அவரோ அவள் தோளுக்கு மேலாக வேறு யாரையோ தேடினார். அட்டையை விரலால் தொட்டு, “இது நான்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படியும் இன்னும் யாராவது வருவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வாங்கினார்.

மறுநாள் காலை மைய உரிமையாளர் லான் அவளை உட்கார வைத்துப் பேசினார். குரலில் கடுமை இல்லை.

“உங்கள் ஆங்கிலத்தில் குறையே இல்லை. ஆனால் பெற்றோர்கள் வெள்ளைக்கார முகத்தை எதிர்பார்க்கிறார்கள். உங்களை சாண்ட்ரா என்று கூப்பிடுகிறோம். லண்டனில் வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம்.”

“லண்டனை நான் பார்த்ததே இல்லை. என் பெயர் சந்திரமதி.”

“பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது.”

“அவர்கள் பெயரும் என் வாயில் நுழையாதுதான். நான் கற்றுக்கொள்வேன். அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.”

அன்று அறைக்குத் திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். யாரைக் கூப்பிட்டாலும் திரும்பி வந்துவிடு என்றுதான் சொல்வார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஒரு வாளியும் துடைப்பமும் தண்ணீர் காய்ச்சும் கேத்தலும் வாங்கி வந்தாள். திரும்பிப் போகிறவள் வாளி வாங்கமாட்டாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வகுப்பில் பிள்ளைகள் அவள் பெயரை நாலு துண்டாக உடைத்துக் கற்றுக்கொண்டார்கள். வியட்நாம் மொழியில் ராகம் மாறினால் அர்த்தமும் மாறிவிடும்; அவர்கள் பெயரை அவள் தப்பான ராகத்தில் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெற்றோர் வரும் நாளில் அவளை மாடியிலேயே இருக்கச் சொன்னார்கள். அவள் இறங்கி வந்தாள். ஒரு மாணவியின் தகப்பன் இந்த டீச்சர் எந்த நாடு என்று லானிடம் கேட்டார். லான் தயங்கியபடி “லண்டன்” என்று தொடங்கினார்.

“மலேசியா,” என்று சந்திரமதி குறுக்கே சொன்னாள். “ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் என்று ஓர் ஊர். அங்கேதான் ஆங்கிலம் படித்தேன்.”

அந்தத் தகப்பன் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் நிறுத்தினார்கள். மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளுமாறு லான் சொன்னார்.

செய்தி தெரிந்ததும் மதிவாணன் கூப்பிட்டார். “டிக்கெட் போடறேன், வந்துடு. வீம்பு பிடிக்காத.”

“வீம்புதாண்ணே. நான் வரல.”

தொழிற்பேட்டையில் ஒவ்வொரு வாசலாகப் போய், மேற்பார்வையாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வேண்டுமா என்று கேட்டாள். காவலாளிகள் பலர் கையசைத்து விரட்டினார்கள். ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மட்டும் மேலாளரே வெளியே வந்தார். ஜொகூரிலேயே மூவாரைச் சேர்ந்த சீனர். அவள் பேச்சைக் கேட்டதும், எந்த ஊர் என்று மலாய் மொழியில் கேட்டார். லாபிஸ் என்றாள்.

“லாபிஸ்ல இருந்து வந்து என் கேட்ல நிக்கிறீங்களா?” என்று மலாயிலேயே கேட்டுச் சிரித்தார்.

அவருக்குப் பினாங்கிலிருந்தும் மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும்தான் ஆர்டர்கள் வந்தன. அங்கிருந்து பேசுகிறவர்களின் ஆங்கிலம் அவருடைய ஆட்களுக்குப் புரியவில்லை. “நீங்க பேசற மாதிரியே சொல்லிக் கொடுங்க லா, போதும்” என்றார், ஊர்ப் பேச்சு வழக்கு மாறாமல். வேலை அனுமதியையும் அவரே மாற்றி எடுத்துக் கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. மாணவிகளில் துய் என்றொரு மேற்பார்வையாளர் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், ஆங்கிலத்துக்குப் பயந்து தொலைபேசி மணி அடித்தாலே எழுந்து போய்விடுகிறவர். சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், நாற்காலிக் கால்கள் உடைந்து வந்ததாக மும்பைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கத்தினார். சந்திரமதி பக்கத்திலேயே நின்றாள். தொலைபேசியைத் துய் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“சார், கத்தாதீர்கள்,” என்றார் துய், ஆங்கிலத்தில். “நாங்கள் அனுப்பும்போது எடுத்த படம் இருக்கிறது. உடைத்தது உங்கள் லாரி.”

எதிர்ப்பக்கம் குரல் இறங்கியது. துய் தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சந்திரமதி சந்தோஷத்தோடு அந்த டம்ளரை மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தாள். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று வாசுகி இரண்டு தடவை சொன்னார். “விருந்தாளி வந்தா படுக்கட்டும் அண்ணி,” என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

திரும்பும் நாளில் மதிவாணனே செனாய் விமான நிலையத்துக்குக் காரோட்டி வந்தார். பெட்டியை இறக்கி வைத்த பிறகு, “அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?” என்று கேட்டார்.

அந்த ஊரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. “சோறு நம்ம சோறு மாதிரிதாண்ணே. மிளகாய்தான் பத்தல” என்று ஆரம்பித்தாள். காரை நகர்த்தச் சொல்லிக் காவலர் வந்து விசில் ஊதும்வரை, அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.