பத்துக் கட்டம் போட்ட பலகை

படிவம் எதையாவது நிரப்ப வேண்டும் என்றால் காகிதத்துக்கு அடியில் நான் ஒரு பலகையை வைத்துக்கொள்வேன். பரீட்சை அட்டையைவிடப் பெரியது. அதன்மேல் மஞ்சள் பெயின்டில் பத்துக் கட்டங்கள், வரிசைக்கு ஐந்தாக. ஒவ்வொரு கட்டமும் கால் கிலோ தேயிலைத் தூள் பாக்கெட்டைப் படுக்கவைத்து ஓரத்தைச் சுற்றி வரைந்த அளவு. பெயின்ட் தடிப்பாக இருப்பதால் எழுதும்போது பேனா அங்கங்கே இடறும். நல்ல அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று ஆபீசில் கேட்பார்கள். இது போதும் என்று சொல்லிவிடுவேன்.

நீலகிரியில் குந்தாப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அந்தப் பலகைக்கு உரியவளை நாங்கள் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள் எல்லோரையும் அக்கா என்பாள், அதனால் அப்படி அமைந்துவிட்டது. முப்பது வயது இருக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது, பழகியது மாறினால் நின்றுவிடுவாள். அவளுடைய அம்மா எங்கள் எஸ்டேட்டிலேயே கொழுந்து பறித்தவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம்; எஸ்டேட் கொடுக்கும் குடியிருப்பை நாங்கள் லைன் வீடு என்போம், அவர் இங்கே இருந்தவரை லயம் என்றே சொன்னார். அவர் ரிட்டயர் ஆக இரண்டு வருடம்தான் பாக்கி இருந்தது. குடும்பத்தில் யாராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஆக, மகளுக்கு வேலை நிலைத்தால் வீடு நிலைக்கும்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் அல்ல. இப்படிப்பட்டவர்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே கூட இருந்து பழக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. சம்பளம் அரசாங்கத் திட்டத்திலிருந்து வந்தது. முதல் மாதம் தினமும் வந்தார், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு ஆள் செய்கிற வேலைக்கு இரண்டு ஸ்டூலா என்று நான் முணுமுணுத்தது உண்டு. பலகையை வரைந்தது அவர்தான். கட்டத்துக்கு ஒரு பாக்கெட் வைக்க வேண்டும். எல்லாம் நிறைந்தால் அள்ளி அட்டைப்பெட்டிக்குள் போட வேண்டும். எண்ணவே தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் "ரொம்பிருச்சுங்க்கா" என்று அறைக்கே கேட்கும்படி அறிவிப்பாள். நாளுக்கு நூறு தடவை கேட்டாலும் எங்களுக்கு அலுக்கவில்லை.

ஒருமுறை அட்டைப்பெட்டி பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. அதற்கு மட்டும் டீச்சர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதலில் பழைய பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு பச்சைப் பெட்டி, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. பெட்டி மாறினதுக்கு இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆறு மாதம் போனதும் தங்கச்சியின் கை எங்களில் சிலரைவிட வேகம். பார்க்கவே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் டீச்சரை அனுப்பும் திட்டத்திலிருந்து அந்தப் படிவம் வந்தது, வேலை கொடுத்தவர் தரப்பில் நிரப்ப வேண்டியது. இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஃபேக்டரியில் வேலை பார்க்கிற யாருக்கும் வெளியிலிருந்து அதிகாரி வருகிறார் என்றால் வாயில் ஒரே பதில்தான்: எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆடிட்டாக இருந்தாலும் சுகாதார ஆய்வாக இருந்தாலும் முந்தின நாளே கழுவித் துடைத்து, பழுதான மிஷின்மேல் துணி போட்டு மூடிவிடுவோம். இருபது வருடம் இப்படியே பழகிய கை என்னுடையது. டீச்சர் படிவத்தை நீட்டி, உள்ளதை எழுதுங்க அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தனியாக வேலை செய்கிறாரா என்று கேட்டிருந்தது. மிக நன்றாகச் செய்கிறார் என்று எழுதினேன். தொடர்ந்து உதவி தேவையா என்ற இடத்தில், தேவையில்லை என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சாயங்காலம் அவளுடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் டீச்சரின் வருகை நின்றது. கடைசி நாளில் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தபடி சொன்னார்:

"தனியா செய்யறாளான்னு கேக்கறாங்க. நான் வந்துட்டுப் போறதாலதானுங்க்கா அவ தனியா செய்யறா. அத எந்தக் கட்டத்துல எழுதறது?"

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. இனி என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் முடிந்து நூறு கிராம் பாக்கெட் வந்தபோது உறைத்தது. பெரிய கட்டத்துக்குள் சின்னப் பாக்கெட்டை வைத்துவிட்டு, நிறையவில்லையே என்று தங்கச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டத்துக்கு இரண்டு வைத்தாள், மிச்ச இடத்தில் மூன்றாவதைச் செருகினாள். அவள் செய்ததில் தப்பே இல்லை, கட்டம் நிறைய வேண்டும் என்றுதானே சொல்லிக்கொடுத்தோம். கணக்கில்லாமல் திணித்த பெட்டிகள் கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பி வந்தன. நானே உட்கார்ந்து சின்னக் கட்டம் போட்ட புதுப் பலகை ஒன்று செய்தேன். அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். நான் நிமிர்த்தினேன், அவள் கவிழ்த்தாள். என் குரல் உயர்ந்துவிட்டது, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "டீச்சர் எங்கக்கா?" என்று அழுதாள். மேனேஜர் அவளைத் தரை பெருக்கும் வேலைக்கு மாற்றினார். அவள் மேஜையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

நான் லீவு போட்டு ஊட்டியில் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பிலிருந்து என் கையெழுத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அடிக்கோடு போட்டது நீங்கள்தானே என்று கேட்டார். இருக்கிற பணத்துக்குள் இத்தனை பேருக்குத்தான் ஆள் அனுப்ப முடியும் என்றும், நீங்கள் வேண்டாம் என்றதும் வரிசையில் காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றும் சொன்னார். அவரோடு சண்டை போட எனக்கு ஒரு வழியும் இல்லை. காத்திருந்தவருக்கும் ஒரு வீடு, ஒரு அம்மா இருக்கும். நான் எழுதியது தவறு, உதவி தேவை என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுபடியும் அனுமதி வர அடுத்த நிதியாண்டு ஆகிவிட்டது. அதற்குள் தங்கச்சியின் அம்மா ரிட்டயர் ஆனார், மகளின் பெயர் வேலைப் பட்டியலில் இல்லை, வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும் இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க நல்லதுக்குத்தானே எழுதினீங்க," என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்கச்சி வேனுக்குள் மூட்டைகளை நெருக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பலகையை அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இப்போது டீச்சர் மீண்டும் வருகிறார், மாதத்துக்கு நான்கு நாள், நாற்பது வயது ஆள் ஒருவருக்காக. ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் அவர் குழம்பிவிடுவார். ஒன்று சொன்னால் சுத்தமாக முடிப்பார். போன வாரம் திருப்பூரிலிருந்து தங்கச்சியின் அம்மா போனில் பேசினார். வாடகை வீட்டுத் தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறதாம். சோப்பு, தீப்பெட்டி என்று எது கிடைத்தாலும் தங்கச்சி கட்டத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்து "ரொம்பிருச்சுங்க்கா" என்கிறாளாம். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

இன்று காலை இந்த ஆளுக்கான படிவம் மேஜைக்கு வந்தது. கேள்விகள் அதேதான். நன்றாகவே எழுதி அனுப்புங்கள், ஃபேக்டரி பேர் கெடக்கூடாது என்று புது மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். பலகையை எடுத்துக் காகிதத்துக்கு அடியில் வைத்தேன். தனியாக வேலை செய்கிறாரா என்ற இடத்தில், டீச்சர் வருவதால் செய்கிறார் என்று எழுதினேன். தொடர்ந்து உதவி தேவையா என்ற இடத்தில் 'தேவை' என்று எழுதும்போது மஞ்சள் கோட்டில் பேனா இடறி எழுத்து கோணியது. அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினேன்.