ரத்தினம் அக்காவின் பச்சைப் பூக்கள்

மஞ்சூர் பேருந்துக்காக மழையில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. "அம்மா போயிட்டாங்க அக்கா" என்று போனில் சொன்னாள் ரத்தினம் அக்காவின் மகள். திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் பக்கத்திலிருந்த வாடகை அறையில். நெஞ்சுச் சளி முற்றிவிட்டதாம். அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது. எங்கள் மகளிர் குழுவில் அவரோடு மண்வெட்டி பிடித்த பலருக்கு இது இன்னும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

பச்சைத் தேயிலையின் விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் விழுந்த நேரத்தில், வெளிநாட்டு உதவியோடு காய்கறி, பழச் சாகுபடித் திட்டம் ஒன்று எங்கள் மலைக் கிராமங்களுக்கு வந்தது. குளிர்நாட்டிலிருந்து வந்த வயதான நிபுணரின் பேச்சைத் தமிழில் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆங்கிலம் வந்தது, குரல் வரவில்லை. "இப்படி முணுமுணுத்தா வெதகூட முளைக்காது புள்ள" என்று அக்கா முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

தேயிலைச் செடிகளைப் பிடுங்க யாரும் துணியவில்லை. அக்கா தன் கால் ஏக்கரைக் கொடுத்தார். கணவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர் அக்கா. "ஒருக்கா கப்பல்ல ஏத்திட்டாங்க. இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது. இந்த மண்ணுல எதையாவது வெளைய வச்சு இங்கேயே கெடக்கணும்" என்றார்.

நட்டது புரோக்கோலி. நாற்று, உரம், தண்ணீர் எல்லாவற்றையும் நிபுணர் சொன்னார். அதன் பூ பச்சையாகவே இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. காலிபிளவர் பூ வெளுக்க இலைகளை மடக்கிக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். பச்சையாகவே நின்ற பூவைப் பார்த்துப் பதறி, குழுப் பெண்கள் தோட்டம் முழுவதும் இலைகளைச் சணலால் கட்டிவிட்டார்கள். நிபுணர் திரும்பி வந்த அன்று அக்கா பெருமையோடு ஒரு செடியின் கட்டை அவிழ்த்தார். வெளுக்கட்டும் என்று அறுக்காமல் விட்டதில், உள்ளே மொட்டெல்லாம் விரிந்து மஞ்சளாகியிருந்தது. அடுத்த செடியும் அப்படித்தான்.

நிபுணர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சொல்ல மறந்தேன்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா பால் இல்லாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து, அவருடைய உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டினார். "நக்கிக்கிட்டே குடிங்க தொரை. செடிக்குத் தெரியுமா நாம ரெண்டு ஊருன்னு?"

அடுத்த போகத்தில் பச்சையாகவே, இறுகிய பூவாக அறுத்தோம். மேட்டுப்பாளையம் மண்டியில் வியாபாரி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். "ஏனுங்க, காலிபிளவருக்குப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்துட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். யாரும் வாங்கவில்லை. மூட்டைகள் மண்டி வாசலிலேயே கிடந்து மஞ்சளாகி அழுகின.

திட்டக் காலம் முடிந்ததும் வழியனுப்புக் கூட்டம் நடந்தது. சால்வை, புகைப்படம், நன்றியுரை. பயன் பெற்றவர்கள் பேசலாம் என்றார்கள். அக்கா எழுந்தார். "வெளைய வைக்கக் கத்துக் குடுத்தீங்க தொரை, குறை சொல்லல. வாங்குறவன் யாருன்னு நீங்களும் கேக்கல, நாங்களும் கேக்கல. தேயிலையையும் புடுங்கியாச்சு. இனி நான் எந்த ஊருக்குப் போறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்படியே சொல்லு புள்ள. கொறைக்காத."

சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்கும்படி. நிபுணர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சில மாதங்களில் அக்கா திருப்பூருக்குப் பேருந்து ஏறினார். அதே மூட்டைதான், இந்த முறை கப்பல் இல்லை. போனில் பேசும்போதெல்லாம் அங்கே வெயில் அதிகம் என்பார். கால் ஏக்கரைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே இப்போது புல்தான் இருக்கிறது.

போன வாரம் பக்கத்து ஊரான பிக்கட்டிக்கு வேறொரு நாட்டுக் குழு பழக்கன்றுகளோடு வந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பேசத் தொடங்கும் முன் நான் எழுந்து, விளையும் பழத்தை யார் வாங்கப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பிறகு அதையே தமிழில், அங்கே உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். கன்றுகளைக் கையில் வாங்கியிருந்த பெண்கள் அவற்றை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.