காரின் தரையில் ஓர் ஓட்டை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில், என் பழைய காரின் துருப்பிடித்த தரைத் தகட்டை வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். ஆன்லைனில் மலிவாக வாங்கிய மிஷின். மெல்லிய தகட்டுக்குக் கரண்டை அதிகமாக வைத்துவிட்டேன். அடைக்கப் போன ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. குனிந்தேன். கீழே சிமெண்ட் தெரிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, ஆம்பூரில் அப்பாவின் அம்பாசடரிலும் இப்படி ஒன்று இருந்தது, பின்சீட்டில் என் காலடியில். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அப்பா வெல்டரைத் தேடவில்லை. மீந்துபோன தடித்த தோல் துண்டை அதன்மேல் பசை போட்டு ஒட்டினார். “எருமைத் தோலு. தகரத்தவிட ஜாஸ்தி தாங்கும்” என்றார்.

ஓடும் காருக்கு அடியில் ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்த்தே ஆகவேண்டும். போகும்போதெல்லாம் கால் கட்டைவிரலால் தோலின் ஓரத்தை நெம்புவேன். வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று அது பிய்ந்து வந்தது. ரோடு ஆற்றுத் தண்ணீர்போல ஓடியது. கண்ணெடுக்க முடியவில்லை. அடுத்து ஒரு மழைக்குட்டை. பக்கத்தில் இருந்த அம்மாவின் பட்டுப்புடவை முழுக்கச் சேறு.

“இன்னா ஒட்டு ஒட்டினீங்க?” என்று அம்மா கத்தினாள். அப்பா பசையைத் திட்டினார். நான் கால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

இப்போது கணவரைக் கூப்பிட்டேன். “அடைக்கறதுக்கு முன்னாடி வண்டியக் கொஞ்சம் தள்ளுங்களேன், இது வழியா பாக்கணும்.”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“அன்னிக்குத் தோலைப் பிச்சது நீதானாடி?”