ஜெரின் பாட்டு பாதியில் நின்றபோது

எங்கள் கடற்கரையில் முதலில் ராப் பாடியவன் என் நண்பன் ஜெரின். ஊர்ப்பேச்சையே மேடையில் பாடுவான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனவன் நான். அலுவலகத்தில் இருக்கும்போது அம்மை போன் செய்தால், என் ஊர்ப்பேச்சு யாருக்கும் கேட்காமலிருக்க வெளியே போய்விடுவேன்.

மீன் விற்கும் அவன் அம்மை, ரோஸி மாமி, அவன் பாட்டை முழுதாகக் கேட்டதே இல்லை. "நான் கூவுனா மீன் வாங்க ஆள் வரும். நீ கூவுனா நாய்தாம்லே வரும்" என்பார்.

பைக் விபத்தில் ஜெரின் போன பிறகு, அவன் குரல் கேட்டாலே மாமி எழுந்து போய்விடுவார். முதல் நினைவு நாளில் மாதா கோயில் முற்றத்தில் அவன் பாட்டைப் போட்டோம். மாமி கடைசி வரிசையில் இருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

"துடிக்கிற சாளை, துள்ளுற சாளை..."

கரண்ட் போய்விட்டது.

"சட்டியோட வாடி, சடுதியா வாடி..."

பின்னாலிருந்து அதே தாளத்தில் மாமியின் குரல்.

"மாமி, இந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"பாட்டா? சாளை மீன் விக்க தெருத்தெருவா நான் கூவுறதாக்கும் மக்கா. கள்ளப்பய, இதையா பாடிட்டுத் திரிஞ்சான்?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கரண்ட் வந்தா முதல்ல இருந்து போடு."

இப்போது மாமி தெருவில் கூவினால் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போடுகிறார்கள். அலுவலகத்தில் அம்மையின் போன் வந்தால், நான் இருந்த இடத்திலேயே இருந்து பேசுகிறேன்.