இரு என்று காட்டிய கை

மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று தெரியவந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. ஆறு வாரத்தில் பத்துக் கிலோ இளைத்திருந்தாள். வேலைப்பளு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எனக்கும் நீரிழிவு இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. நாங்கள் குளிசை போட்டுக்கொண்டு, தேநீருக்குச் சீனியைக் குறைத்துக்கொண்டு, அதைப்பற்றிச் சிரித்துக் கதைப்போம். அவளுடையது வேறு. அவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஊசி. ஊசி கூடினாலும் சாப்பாடு பிந்தினாலும் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.

மருத்துவமனையில் தாதி நடத்திய வகுப்புக்கு நானும் போனேன். முப்பது வருடம் படிப்பித்தவன், கொப்பியும் பேனாவும் கொண்டுபோனேன். இங்கே சீனியை அளக்கும் கணக்கில் நாலுக்குக் கீழே இறங்கினால் வேறெதையும் யோசிக்காமல் குளுக்கோஸ் குளிசை நான்கு, அல்லது ஒரு சிறு பெட்டி பழச்சாறு. பதினைந்து நிமிடம் பொறு. திரும்ப அளந்து பார். இன்னும் குறைவென்றால் திரும்பவும் கொடு. வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் என்று அடையாளங்களையும் வரிசையாக எழுதிவைத்தேன். அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவள் கையின் பின்புறத்தில் ஒட்டிய உணரி சீனியின் அளவைக் கைபேசிக்கு அனுப்பும். அவள் தன் கைபேசியிலிருந்து எனக்கும் தாய்க்கும் அதைப் பார்க்க அனுமதி தந்திருந்தாள். நோர்வேயில், குரோருட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தபடி, நகரத்தின் மறுபக்கத்தில் வேலை செய்யும் மகளின் இரத்தத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு, ஏழு, ஐந்தரை. அந்த எண்களைப் பார்ப்பதையே நான் அன்பு என்று எண்ணியிருந்தேன்.

அப்போது அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் நல்ல குடும்பம். நீரிழிவு வருத்தத்தைப்பற்றி அவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் என்பது பிழை. மனைவி சொல்லுவோம் என்றாள், மகளும் சொல்லுவோம் என்றாள். பிறகு பார்ப்போம் என்றவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த குடும்பத்துப் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. பாடசாலை மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாழ்த்துரை என்னுடையது, இங்கே எந்தக் கொண்டாட்டம் என்றாலும் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். கலியாணம் பேசிய பையனின் தாயும் வருவதாக இருந்தது.

வெளிக்கிடும்போது மகளிடம் சொன்னேன்: "அங்கை சனத்துக்கு முன்னாலை ஊசியை எடுக்காதை பிள்ளை. இஞ்சையே போட்டுக்கொண்டு வா. ஒரு மணிக்குச் சாப்பாடு."

அவள் சிரித்தாள். "அப்பா, எங்கடை ஆக்கள் எந்தக் காலத்திலை ஒரு மணிக்குச் சாப்பாடு போட்டவை? ஒரு மணி எண்டு கார்ட்டிலை போட்டால் மூண்டு எண்டு நினைக்கோணும்."

"நான் பேசிற சபை. நேரத்துக்கு நடக்கும்."

"நீங்கள் பேசினால் நாலாகும்," என்றாள் தாய், கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்தபடி.

மூவரும் சிரித்தோம். மகள் சோற்றுக்கு வேண்டிய அளவைக் குத்திக்கொண்டாள். மறுத்திருக்கலாம். என்னை மறுத்துப் பழக்கமில்லாத பிள்ளை.

மண்டப வாசலில் இன்னொன்றும் செய்தேன். சீனி இறங்கினால் அவளுடைய கைபேசி கத்தும், எங்களுடையவை எண்ணை மட்டும் காட்டும். அந்தச் சத்தம் எந்தச் சபையையும் திரும்பிப் பார்க்கவைக்கும். "தா, நான் வைச்சிருக்கிறன்," என்று வாங்கி என் குளிர்க்கோட்டின் பையில் போட்டேன். குளுக்கோஸ் குளிசைக் குழாய் அவளுடைய கோட்டில் இருந்தது. சேலைக்குப் பொருத்தமான கைப்பை உள்ளங்கை அளவு, அதற்குள் எதுவும் போகாது. இரண்டு கோட்டுகளையும் வெளியே கொழுவிவிட்டு உள்ளே போனோம்.

ஒரு மணியாயிற்று. ஒன்றரையாயிற்று. சாமத்தியப் பிள்ளைக்கு அலங்காரம் முடியவில்லை என்றார்கள். பிள்ளை மேடைக்கு வந்து வாழ்த்து முடியும்வரை சாப்பாட்டைத் திறப்பதில்லை. அது எங்கள் வழக்கம். வாசலில் கொடுத்த ரோல்ஸில் ஒன்றை மகள் தின்றாள். சோற்றுக்குக் குத்திய ஊசிக்கு அது எந்த மூலைக்கு? பையனின் தாய் அவளைக் கூப்பிட்டு இரண்டாவது வரிசையில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்.

இரண்டு மணிக்குமேல் நான் மேடையேறினேன். பெண்மையின் பெருமையைப்பற்றிப் பேசினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பேசியது அதைத்தான்.

மேடையிலிருந்து மகள் நன்றாகத் தெரிந்தாள். நெற்றி மினுங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றினாள், மறுபடி ஒற்றினாள். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பினாள். கதவுக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் முன்னால், நான் பேசிக்கொண்டிருக்க, நடக்கவேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கியது. கொப்பியில் எழுதிய அடையாளங்கள் ஒன்றுவிடாமல் என் கண்முன் இருந்தன. நான் வலக்கையை விரித்து, இரு என்று கீழ்நோக்கிக் காட்டினேன். பேச்சுக்கிடையில் காட்டியதால் சபை அதைப் பேச்சாளனின் கையசைவு என்று எடுத்துக்கொண்டிருக்கும். அவள் இருந்தாள்.

இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிப்பது என்று நினைத்தேன். முடிக்கவில்லை. நல்ல வரி ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னேன், கை தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவில் அவள் முன்னால் சரிந்தாள். முன்வரிசைக் கதிரையின் இரும்பில் வாய் அடிபட்டது. கையும் காலும் இழுக்கத் தொடங்கின.

நான் ஓடிவந்தபோது பையனின் தாய் கேட்டார், "என்ன அண்ணை, பிள்ளைக்கு என்ன?"

"காலமை சாப்பிடேல்லை. வெறும் மயக்கம்," என்றேன்.

இரத்தம் வழிய என் பிள்ளை நிலத்தில் துடிக்கும்போது என் வாயிலிருந்து வந்தது அது. பின்வரிசையிலிருந்து மனைவி ஆட்களை இடித்துக்கொண்டு வந்து கத்தினாள்: "மயக்கமில்லை! இன்சுலின் போட்டவள், சீனி இறங்கிப்போச்சு! அம்புலன்ஸுக்கு அடியுங்கோ!" யாரோ சோடாப் போத்தலை நீட்ட, இன்னொருவர், "சீனி வருத்தக்காரருக்குச் சோடா குடுக்கிறதே?" என்று அதைத் தட்டிவிட்டார். விழுங்கக்கூடிய நிலையில் அவள் இல்லை. சபை சற்று அடங்கியபோது வெளியே கோட்டுகளுக்கிடையிலிருந்து கைபேசி கத்துவது கேட்டது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ. அம்புலன்ஸ்காரர்கள் அளந்தபோது ஒன்று தசம் ஆறு.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். இரண்டு முன்பற்கள் உடைந்திருந்தன. குழறிய வாயால் முதலில் கேட்டது, "அப்பா, பேச்சு முடிஞ்சுதா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

கலியாணப் பேச்சு நின்றது. அந்தத் தாய் தொலைபேசியில் எனக்குச் சொன்னார்: "வருத்தத்துக்காக இல்லை அண்ணை. மறைச்சதுக்கு."

மகள் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அடுத்த மாதம் மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சிறிய வீடு எடுத்துக்கொண்டு போனாள். போய் ஒரு கிழமையில் என் கைபேசியில் எண்கள் நின்றுபோயின. அனுமதி நீக்கப்பட்டுள்ளது என்று நோர்வேஜிய மொழியில் ஒரு வரி வந்தது. தாய்க்கு இன்னும் எண்கள் வருகின்றன. நான் கேட்டால் மனைவி சொல்லுவாள், நான் கேட்பதில்லை.

போன ஞாயிறு வந்திருந்தாள். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பிட்டு இருக்கிறது, சாப்பிடு என்றேன். "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அப்பா." எங்கள் வீட்டில் அவள் இப்போது எதுவும் சாப்பிடுவதில்லை. காலநிலையைப்பற்றிக் கதைத்தோம். கதையின் நடுவில் ஒரு சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை. கைபேசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினாள். நானும் எழும்பினேன்.

"நீங்கள் இருங்கோ அப்பா," என்றாள் மெதுவாக.

குளியலறைக் கதவைப் பூட்டினாள். குளிசைக் குழாயின் மூடி திறக்கும் சத்தமும் கடிக்கும் சத்தமும் எனக்குக் கேட்டன. குழாயடித் தண்ணீரைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே வரக்கூடாதென்று. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பதினைந்து நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"ட்ரெயினுக்கு நேரமாச்சு. அம்மாவோடை பிறகு கதைக்கிறன்."

சீனி எத்தனை என்று கேட்க வாய்வரை வந்தது. "கவனம் பிள்ளை," என்றேன். ஓம் என்றாள்.

யன்னலில் நின்று பார்த்தேன். பாதையில் பனி உறைந்து வழுக்கலாக இருந்தது. திரும்ப அளக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அவள் ஒருமுறை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வழுக்கியதாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. பிறகு நடந்து திருப்பத்தில் மறைந்தாள். என் கைபேசியில் அந்த ஒரு வரிதான் இன்னும் இருந்தது. மனைவி கோயிலால் வந்து கோட்டைக்கூடக் கழற்றமுதல், அவளுடைய கைபேசியைக் கேட்டேன்.

"ஏன்?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தராமல், தானே திறந்து மகளின் எண்ணைப் பார்த்தாள்.