குப்பையில் விழுந்த பதவி உயர்வு

என் அம்மா கடற்படைக் கப்பலின் கேப்டன். பள்ளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "ஆமா லா, எங்கம்மா ராக்கெட் ஓட்டுறாங்க" என்று பதில் வரும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. சில மாதங்களில் நானே பார்த்ததில்லை.

அம்மாவின் தோளில் பதவிக் கோடு ஒன்று கூடினால் அவர் வீட்டில் இருக்கும் நாள் குறையும். இந்தக் கணக்கை ஒன்பது வயதில் நானாகவே கண்டுபிடித்திருந்தேன். ஃபேரர் பார்க் வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா நல்லவர், பாவம். சடை பின்ன மட்டும் வராது. கோணல் சடையோடு பள்ளி போய்த் திரும்பி, பூட்டைத் திறந்து, காலியான கூடத்தில் "அம்மா, வந்துட்டேன்" என்று சும்மாவேனும் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மறுபடியும் பதவி உயர்வு. விழாவில் குடும்பத்தார்தான் புதுத் தோள்பட்டிகளை மாட்டிவிட வேண்டும் என்பது கடற்படை வழக்கம். ஒரு தோளுக்கு அப்பா, மறு தோளுக்கு நான். மாட்டிப் பழகிக்கொள்ளச் சொல்லி முந்தின நாள் காலை அம்மா இரண்டையும் மேசையில் வைத்தார். அவர் சீருடைக்கு இஸ்திரி போடப் போனதும், ஒன்றை எடுத்து, கீழ்த்தளத் தொட்டிவரை இறங்கும் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். ஏழாவது மாடியிலிருந்து விழுந்ததற்குச் சத்தமே வரவில்லை.

அம்மா கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கப்பலையே கட்டி மேய்த்தவரிடம் என் திருட்டு முழி செல்லுமா?

"எங்கடி இன்னொண்ணு?"

"ரப்பிஷ் ச்யூட்ல." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அதை மாட்டுனா நீங்க திரும்பப் போயிடுவீங்க!"

அம்மா திட்டவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போக மாட்டேன்டி. இந்த ரேங்க் வந்தா கப்பல் கிடையாது. இனிமே ஆபீஸ்தான். சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடுவேன்."

"அய்யோ, முன்னாடியே சொல்லக்கூடாதா!"

லிஃப்டுக்கு முதலில் ஓடியது நான்தான். கீழே துப்புரவுக்கார அண்ணனைக் கெஞ்சிக் குழாயின் அடிக்கதவைத் திறக்கவைத்தோம். அம்மா முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். மீன் குழம்பில் ஊறிப்போய்க் கிடைத்தது. நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை.

மூன்று முறை சோப்பு போட்டும் லேசாக வாடை அடித்த அந்தப் பட்டியை, மறுநாள் மேடையில் பிசகில்லாமல் மாட்டினேன். எல்லோரும் கைதட்ட, அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே தினமும் வருவீங்கல்ல?"

"வருவேன்மா."

அவர் கன்னம் ஈரமாக இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அம்மா அழுகிறார் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார்.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. தினமும் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போவோம். மணலில் விளையாடக் கூப்பிட்டால், "வரேன்டி, ரெண்டு நிமிஷம்" என்பார், தூரத்தில் நின்ற கப்பல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்கு அவசரமே இல்லை. அம்மா இனி எங்கும் போகப்போவதில்லை. நான் பாட்டுக்கு அவர் காலடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே எவ்வளவு தனியாக நின்றார் என்பது, அத்தனை பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.